நான்கு மணி நேர மூக்கு

ஆண் பட்டு அந்துப்பூச்சியின் உணர்கொம்பை வெட்டியெடுத்து, அதில் உயிர்ப்பு இருக்கும் நேரத்துக்குள் அதிலிருந்து மின்சமிக்ஞை வாங்குவது என் தொழில். கருவியியலில் டிப்ளமா படித்தவன் நான். பெங்களூரில் பூச்சிகளின் மோப்ப உணர்வை ஆராயும் ஒரு ஆய்வகத்தில் ஆம்ப்ளிஃபையர்களையும் பம்புகளையும் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தேன். சில மாதங்களிலேயே பூச்சியும் நான் பார்த்துக்கொள்ள வேண்டிய கருவிகளில் ஒன்றாகிவிட்டது.

பூச்சிகளைப் பார்த்துச் செய்த சென்சார்களைப் பற்றிப் பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வருகிறது. வெட்டுக்கிளி வெடிமருந்தை மோப்பம் பிடித்தது, ஈயின் காதைப் பார்த்து மைக் செய்தார்கள், சிலந்தியின் காலைப் பார்த்து நாடி பார்க்கும் படலம் செய்தார்கள் என்று. எல்லாம் உண்மையான வேலைகள்தான். எவ்வளவு நுட்பமாக உணர்கிறது என்ற எண் அந்தச் செய்திகளில் தவறாமல் இருக்கும். எவ்வளவு நேரம் உணரும் என்ற எண்ணைத் தேடித்தான் எடுக்க வேண்டும். எங்கள் தொழிலின் பாடு முழுவதும் அந்த இரண்டாவது எண்ணில் இருக்கிறது.

பட்டு அந்துப்பூச்சி கூட்டை விட்டு வெளியே வந்தபின் எதையும் உண்பதில்லை. இறக்கை உண்டு, பறக்க முடியாது. ஏறக்குறைய ஒரு வாரம் உயிரோடு இருக்கும். அந்த வாரத்தில் ஆணுக்கு உள்ள ஒரே வேலை பெண்ணைத் தேடிப் போவது. பெண் அந்து, வயிற்றின் நுனியிலிருந்து மஞ்சள் நிறச் சுரப்பிப் பைகளை வெளியே நீட்டியபடி ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும். அவற்றிலிருந்து பாம்பிகால் என்ற பொருள் காற்றில் கலக்கிறது. ஆணின் உணர்கொம்பு இருபுறமும் பல் வைத்த சீப்பு மாதிரி இருக்கும். அந்தப் பற்களில் பாம்பிகாலை உணர்வதற்கென்று சுமார் 17,000 நுண்மயிர்கள் உண்டு. மயிரின் சுவரில் நுண்துளைகள் இருக்கின்றன. மூலக்கூறு அவற்றின் வழியே நுழைந்து உள்ளே இருக்கும் நரம்புசெல்லைத் தொடுகிறது.

ஜெர்மனியில் அடால்ஃப் புட்டனான்ட் குழுவினர் சுமார் 5 லட்சம் பெண் அந்துக்களின் சுரப்பிகளைச் சேர்த்து வடித்து, 1959-ல் அந்தப் பொருளின் வேதியமைப்பை வெளியிட்டார்கள். பூச்சிகளின் பாலின ஈர்ப்புப் பொருள் ஒன்றின் வேதியமைப்பு உலகத்துக்குத் தெரியவந்தது அப்போதுதான். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1957-ல், டீட்ரிச் ஷ்னைடர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் ஆண் அந்தின் உணர்கொம்பில் மின்முனைகளை வைத்து, பெண்ணின் வாசனை பட்டதும் மின்னழுத்தம் இறங்கி ஏறுவதைப் பதிவு செய்துவிட்டார். பொருள் இன்னதென்று தெரிவதற்கு முன்பே அதை அளக்கும் கருவி கைக்கு வந்துவிட்டது! அந்தக் கருவியைத்தான் நான் இன்றும் இயக்குகிறேன். 1970-ல் கைஸ்லிங், பிரீஸ்னர் என்ற இருவர், ஒரே ஒரு பாம்பிகால் மூலக்கூறு ஒரு நரம்புத் துடிப்பை எழுப்பப் போதுமானது என்று காட்டினார்கள். மனிதன் செய்த எந்த வாயு சென்சாரும் சாதாரண அறைக்காற்றில் இதன் பக்கத்தில் நிற்க முடியாது என்பதைப் பல வருடம் இரண்டையும் கையாண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எங்களுக்கு ஆண் அந்துக்கள் ஓசூர்ப் பக்கமிருந்து வருகின்றன. கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம் மல்பெரித் தோட்டமும் பட்டுக்கூடும் உள்ள பூமி. விவசாயிகளுக்குப் பட்டுப்புழு முட்டை தயாரித்துக் கொடுக்கும் இடத்துக்கு வித்தகம் என்று பெயர். விதைக்கூடுகளை வெட்டி, உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவை வெளியே எடுத்து, அடிவயிற்றில் உள்ள அடையாளத்தைப் பார்த்து ஆண், பெண் பிரிப்பார்கள். அந்துக்கள் விடியற்காலையில் வெளிவரும். ஒரு இனத்தின் ஆணையும் இன்னொரு இனத்தின் பெண்ணையும் தட்டில் சேர்த்துவிட்டு, மூன்று நான்கு மணி நேரம் கழித்துப் பிரிப்பார்கள். பெண் முட்டையிடப் போகும். ஆணைக் குளிர்பெட்டியில் வைத்து இன்னொரு முறை இணை சேர்ப்பது உண்டு. அதன் பிறகு ஆணுக்கு அங்கே வேலை இல்லை.

இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்கள் செய்கிறார்கள். அந்துக்களின் செதில் தூள் அறை முழுக்கப் பறக்கும். மூக்கை முந்தானையால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் நாள் முழுக்க உட்காருவார்கள். அந்தத் தூள் நெஞ்சில் இறங்கினால் இளைப்பு வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அங்கே வெகுகாலமாக வேலை பார்க்கும் ஒரு அக்காதான் எனக்கு நல்ல ஆணைப் பொறுக்கக் கற்றுக்கொடுத்தார். “ரெண்டு ஜோடி பாத்ததை எடுக்காத கண்ணு. தட்டுல விட்டதும் எது ரெக்கைய அடிச்சுக்கிட்டுச் சுத்துதோ, அதைப் புடி. சும்மா குந்திக்கிட்டு இருக்கறது உனக்கு ஆவாது” என்றார். எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இதை நான் படித்ததில்லை. ஆனால் அவர் சொன்னபடி பொறுக்கிய பூச்சிகளின் உணர்கொம்புகள் மற்றவற்றைவிடத் தெளிவான சமிக்ஞை தருகின்றன. இணை சேராத, வெளிவந்து ஒரு நாள் ஆன ஆண்தான் எங்களுக்கு வேண்டும்.

இனி வேலையைச் சொல்கிறேன். அந்தைப் பனிக்கட்டியின் மேல் வைத்துக் குளிரவைப்போம். சிறிது நேரத்தில் அசைவு நின்றுவிடும். நுண்நோக்கியின் கீழ் உணர்கொம்பை அடியோடு கத்தரித்து, நுனியிலும் ஒரு கணுவை வெட்டிவிட வேண்டும். நுனி மூடியிருந்தால் மின்சாரம் ஓடாது. இரண்டு கண்ணாடி நுண்குழாய்களில் உப்புக்கரைசல் நிரப்பி, அடிப்பகுதியை ஒன்றிலும் நுனியை மற்றொன்றிலும் செருகுவோம். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் வெள்ளிக் குளோரைடு படிந்த வெள்ளிக் கம்பி இருக்கும். அவை ஆம்ப்ளிஃபையருக்குப் போகும்.

உணர்கொம்பின் மின்தடை மெகா ஓம் கணக்கில் இருக்கும். அது தரும் சமிக்ஞையோ ஒரு மில்லிவோல்ட்டு அளவிலும் அதற்குக் கீழும். சாதாரண மல்டிமீட்டரை வைத்தால் அந்த அழுத்தத்தை மீட்டரே விழுங்கிவிடும். அதனால் உள்ளீட்டு மின்தடை லட்சம் கோடி ஓம் அளவுக்கு இருக்கும் ஆம்ப்ளிஃபையர் வேண்டும். அப்படிப்பட்ட ஆம்ப்ளிஃபையர் அறையில் உள்ள அத்தனை இரைச்சலையும் கூடவே இழுத்துக்கொள்ளும். டியூப்லைட்டின் சோக், அடுத்த அறையின் குளிர்பெட்டி, சுவருக்குள் ஓடும் ஒயர் எல்லாம் 50 ஹெர்ட்ஸ் அலையாகத் திரையில் வந்து நிற்கும். செம்பு வலையால் கூண்டு கட்டி, அதன் எல்லாப் பக்கங்களையும் ஒரே புள்ளியில் எர்த் செய்தால்தான் அது அடங்கும். இரண்டு இடத்தில் எர்த் செய்தால் அந்த இரண்டுக்கும் இடையே ஓடும் மின்சாரமே புது இரைச்சலாகும். புதிதாக வரும் மாணவர்கள் பூச்சியைச் சந்தேகிப்பார்கள். நான் முதலில் எர்த் கம்பியைத்தான் பார்ப்பேன்.

காற்று அடுத்த விஷயம். கரித்தூள் வழியாக வடிகட்டி, தண்ணீருக்குள் குமிழிவிட்டு ஈரமாக்கிய காற்று உணர்கொம்பின் மேல் இடைவிடாமல் ஓட வேண்டும். வாசனைப் பொருளை ஹெக்ஸேனில் கரைத்து, வடிதாள் துண்டில் விட்டு, ஹெக்ஸேன் ஆவியானபின் தாளைக் கண்ணாடிக் குழலில் வைப்போம். அந்தக் குழலின் வழியே அரை நொடி நீளும் ஒரு ஊது. லேபில் அதை ‘பஃப்’ என்போம். பஃப் பட்டதும் திரையில் கோடு கீழே இறங்கி மெல்ல மேலேறும். அந்த இறக்கத்தின் ஆழம்தான் எங்கள் அளவீடு.

வெறும் ஹெக்ஸேன் விட்டுக் காயவைத்த தாளின் பஃப்புக்கும் சிறு இறக்கம் இருக்கும். காற்று மோதுவதற்கே உணர்கொம்பு அசைந்துகொடுக்கிறது. அதைக் கழிக்காமல் எதையும் எழுதக்கூடாது. இன்னொன்றும் உண்டு. பாம்பிகாலைத் தொட்ட கண்ணாடி எளிதில் சுத்தமாகாது. அசிட்டோனில் கழுவி, சூட்டடுப்பில் வைத்துச் சுட வேண்டும். பாம்பிகால் குப்பியைத் திறந்தவர் அன்றைக்கு அந்து அறைக்குள் போகக்கூடாது என்பது எங்கள் விதி. போனால் சட்டையில் ஒட்டியது போதும், பெட்டியில் உள்ள ஆண்கள் அத்தனையும் இறக்கை அடிக்கத் தொடங்கிவிடும். எங்களிடம் இருக்கும் எந்தக் கருவியும் அந்தச் சட்டையில் எதையும் கண்டுபிடிக்காது.

இப்போது அந்த இரண்டாவது எண்ணுக்கு வருகிறேன்.

காலையில் முதல் பஃப்புக்கு நல்ல ஆழமாக இறங்கிய கோடு, ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் குறையும். மதியத்துக்குள் அதே அளவு பாம்பிகாலுக்குப் பாதிகூட வராமல் போகலாம். அதனால் ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் பின்னும் ஒரே அளவுள்ள நிலையான பஃப் ஒன்றைக் கொடுத்து, இடையில் வந்த எண்களை அதோடு ஒப்பிட்டுத் திருத்துவோம். செத்துக்கொண்டிருக்கும் அளவுகோலால் அளக்கும்போது, அது எவ்வளவு செத்திருக்கிறது என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும். எங்கள் வேலையில் பாதி நேரம் அதற்குப் போகிறது.

ஏன் சாகிறது? வெட்டிய முனை காய்வது ஒரு காரணம். ஜெல் வைத்தும் காற்றை ஈரமாக்கியும் அதைத் தள்ளிப்போடலாம். அதைவிட ஆழமான காரணம் அந்த மயிருக்குள் இருக்கிறது. நரம்புசெல்லைச் சுற்றியுள்ள துணைச் செல்கள் பொட்டாசியம் அயனிகளை மயிருக்குள் இருக்கும் திரவத்தில் ஓயாமல் இறைத்துக்கொண்டிருக்கின்றன. அதனால் மயிருக்குள் எப்போதும் மின்னழுத்தம் தேங்கி நிற்கிறது. ஒரு மூலக்கூறு வந்து கதவைத் திறந்தால், தேங்கிய அயனிகள் பாய்கின்றன. ஒற்றை மூலக்கூறு நமக்குத் தெரியும் சமிக்ஞையாகப் பெருகுவது இந்தத் தேக்கத்தால்தான். இறைப்பதற்கு ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலுக்கான சர்க்கரை பூச்சியின் குருதிநீரிலிருந்து வருகிறது. உணர்கொம்பை வெட்டியதும் வரத்து நின்றுவிடும். உள்ளே மிச்சம் இருப்பது தீரும்வரைதான் ஓடும்.

எந்தக் காரணத்தால் அது நுட்பமாக உணர்கிறதோ அதே காரணத்தால்தான் அது சீக்கிரம் சாகிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு, பூச்சி சென்சார் பற்றி வரும் ஒவ்வொரு ஆய்வையும் நான் வேறுமாதிரி படிக்கிறேன்.

2020-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மெலனி ஆண்டர்சன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும், உள்ளங்கை அளவு ட்ரோன் ஒன்றில் புகையிலைக் கொம்புப்புழுவின் அந்து உணர்கொம்பைப் பொருத்திப் பறக்கவிட்டார்கள். ட்ரோன் தானாகவே வாசனை வரும் திசையைத் தேடிப் போனது. அருமையான வேலை. வெட்டிய உணர்கொம்பு நான்கு மணி நேரம் வரை செயல்படும் என்றும், குளிர்பெட்டியில் வைத்தால் அதைக் கூட்டலாம் என்றும் அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். எங்கள் மேசையில் நாங்கள் பார்ப்பதும் ஏறக்குறைய அதே கணக்குதான். மறுவருடம் ஜப்பானில் ட்ரோன் மேல் பட்டு அந்தின் உணர்கொம்பையே வைத்தார்கள்.

செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் (முன்னே சொன்னது சியாட்டிலில் இருக்கிறது, இது வேறு) பரணிதரன் ராமன் என்ற பேராசிரியர் இருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றுப் போனவர். அவரும் குழுவினரும் வெட்டுக்கிளியின் மூளையில், உணர்கொம்பிலிருந்து வரும் சேதி முதலில் சேரும் பகுதியில் மின்முனைகளைப் பதித்து, டிஎன்டி போன்ற வெடிபொருள்களின் ஆவியை அது வேறுபடுத்தி அறிகிறதா என்று பார்த்தார்கள். அறிந்தது. ஒரு பூச்சியை மட்டும் நம்பினால் சுமார் 60 விழுக்காடு சரியாகச் சொன்னது. ஏழு பூச்சிகளின் சமிக்ஞைகளைச் சேர்த்தபோது சுமார் 80 விழுக்காடு. அறுவைக்குப் பின் ஏழு மணி நேரம் வரை வெட்டுக்கிளி தாக்குப்பிடித்தது. உடலோடு சேர்ந்திருந்தால் நேரம் கூடுகிறது. எங்கள் மேசையிலும் முழு அந்தை உயிரோடு பிடித்து வைத்து, தலையில் ஒரு மின்முனையும் உணர்கொம்பின் நுனியில் ஒன்றும் வைத்தால், வெட்டியதைவிட வெகுநேரம் சமிக்ஞை வரும். ஆனால் பூச்சி தசையை அசைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மின்துடிப்பும் கோட்டில் ஏறிவிடும்.

டோக்கியோவில் ரியோஹெய் கன்ஸாக்கி இதை வேறு வழியில் தீர்த்தார். அவர் வெட்டவே இல்லை. வண்டி ஒன்றில், காற்றால் மிதக்கும் ஒரு இலகுவான பந்தின் மேல் ஆண் பட்டு அந்தை நடக்கவிட்டார். பந்து எப்படி உருள்கிறதோ அப்படி வண்டியின் சக்கரங்கள் ஓடும். அந்து, வாசனை பட்டதும் நேரே பாய்ந்து, வாசனை விட்டுப்போனால் இடமும் வலமும் வளைந்து, பிறகு வட்டமடித்துத் தேடும். வண்டியும் அப்படியே தேடி, வாசனை வந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு ஓடும்படி வேண்டுமென்றே கோளாறு செய்தபோதும், அந்து தன் நடையை மாற்றி அதைச் சரிக்கட்டியது. மோப்ப சென்சார் வேலைகளில் என் மனதுக்கு மிகவும் பிடித்தது இதுதான். உணர்கொம்பு தனியாக ஒரு உறுப்பு இல்லை, நடையோடும் காற்றோடும் சேர்ந்துதான் அது மோப்பம் என்பதை அந்த வண்டி ஓடியே காட்டியது.

மூக்கை விட்டுவிட்டு அதன் புரதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு வழி. பாம்பிகாலை உணரும் ஏற்பிப் புரதத்தின் மரபணுவை ஜப்பானியர்கள் 2004-ல் கண்டுபிடித்தார்கள். பூச்சிகளின் மோப்ப ஏற்பி மனித மூக்கில் இருப்பதைப் போன்றதில்லை; வாசனையைப் பிடிப்பதும் அயனிகளுக்குக் கதவைத் திறப்பதும் ஒரே புரதத் தொகுப்புதான் என்று 2008-ல் தெரியவந்தது. கருவி செய்பவனுக்கு இது பெரிய வரம். இடையில் வேறு வேதிவினை எதுவும் தேவையில்லை. 2010-ல் டோக்கியோவில் ஷோஜி தாகெயுச்சி குழுவினர் தவளை முட்டைச் செல்களில் பூச்சி ஏற்பிகளை உண்டாக்கி, அவற்றை ஒரு சில்லில் வைத்து, வாசனை பட்டதும் தலையை ஆட்டும் பொம்மை ஒன்றைச் செய்து காட்டினார்கள். அதில் பயன்பட்ட ஏற்பிகளில் ஒன்று, ஓசூர் முட்டைக்கோஸ் விவசாயிகளின் தூக்கத்தைக் கெடுக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியுடையது. ஆனால் தவளை முட்டைக்கும் தண்ணீர் வேண்டும், உப்பு வேண்டும், உணவு வேண்டும். அதே பிரச்சினை வேறு வீட்டுக்குக் குடிபோயிருக்கிறது, அவ்வளவுதான்.

இதோடு ஒப்பிட்டால், பூச்சியின் உடலமைப்பை மட்டும் பார்த்துச் செய்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஆர்மியா ஒக்ரேசியா என்ற ஈ அமெரிக்கக் கண்டத்தில் உண்டு. பாடும் ஆண் சில்வண்டைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து அதன்மேல் தன் குஞ்சுகளை விடும். அதன் இரு காதுகளுக்கும் இடையே அரை மில்லிமீட்டர்தான் தூரம். ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒலி மற்ற காதை எட்ட அதிகபட்சம் ஒன்றரை மைக்ரோ நொடிதான் கூடுதலாக ஆகும். எந்த நரம்பாலும் அதைப் பிரித்தறிய முடியாது. 1995-ல் ரொனால்ட் மைல்ஸ், டேனியல் ராபர்ட், ரொனால்ட் ஹாய் மூவரும் இதன் ரகசியத்தை வெளியிட்டார்கள். இரண்டு செவிப்பறைகளையும் ஓட்டுப்பொருளால் ஆன பாலம் ஒன்று இணைக்கிறது. ஒரு பக்கம் அமுங்கினால் மறுபக்கம் எழும்பும். அந்த ஆட்டத்தில் நேர வித்தியாசம் 50 மைக்ரோ நொடி அளவுக்குப் பெருகிவிடுகிறது. மைல்ஸ் அதையே சிலிக்கானில் செய்து, திசையறியும் மைக்குகளை உருவாக்கினார். காதுகேட்கும் கருவி அணிபவருக்கு, கூட்டத்தில் எதிரே இருப்பவர் பேச்சை மட்டும் பிரித்துக் கேட்க இப்படிப்பட்ட மைக்தான் வேண்டும். இங்கே பெருக்கத்தைச் செய்வது பாலத்தின் வடிவம். வடிவத்துக்குச் சர்க்கரை தேவையில்லை. ஈ செத்தாலும் பாலம் ஆடும்.

சிலந்தி பூச்சி இனம் இல்லை என்றாலும் எங்கள் தொழிலில் அதற்கும் இடமுண்டு. அதன் கால் ஓட்டில் மெல்லிய பிளவுகள் வரிசையாக இருக்கும். அதிர்வு வந்தால் அவை நெருங்கும், விலகும். அதை நரம்பு படிக்கும். 2014-ல் சோல் தேசியப் பல்கலைக்கழகத்தினர், மென்மையான பாலிமர்ப் படலத்தின் மேல் 20 நானோமீட்டர் பிளாட்டினம் பூசி, அதை வளைத்து வேண்டுமென்றே விரிசல் விடச் செய்தார்கள். படலம் சற்றே இழுபட்டாலும் விரிசலின் விளிம்புகள் விலகி, மின்தடை தாறுமாறாக ஏறுகிறது. நான் படித்த காலத்தில் பழகிய உலோகத் தகடு ஸ்ட்ரெயின் கேஜின் உணர்திறன் எண் 2. இதன் எண் 2,000-க்கு மேல். மணிக்கட்டில் ஒட்டினால் நாடி தெரிந்தது. பூச்சில் விரிசல் விழுந்தால் தூக்கி எறியச் சொல்லிக்கொடுக்கப்பட்ட எனக்கு, அந்தக் கட்டுரையைப் படித்த அன்று சாப்பாடே இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

ஆகவே என் தீர்ப்பு இது. தொடுதல், அதிர்வு, ஒலி ஆகியவற்றை உணரும் பூச்சிவழி சென்சார்கள் முதலில் கடைக்கு வரும். அவற்றின் நுட்பம் வடிவத்தில் இருக்கிறது. மோப்பத்தின் நுட்பம் உயிர்ச் செலவில் இருக்கிறது. அது வெகுகாலம் ஆய்வகத்திலேயே இருக்கும்.

ஆனாலும் பட்டுப்பூச்சி எங்களைக் கைவிட்டுவிடவில்லை. உணர்கொம்பு தந்த அதே பூச்சி கூட்டையும் தந்திருக்கிறது. எங்கள் ஆய்வகத்தின் மறுகோடியில் பட்டைக் கரைக்கும் மேசை இருக்கிறது. வெட்டிய கூடுகளைச் சோடியம் கார்பனேட் போட்ட தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவைத்தால் செரிசின் என்ற பசை கரைந்துபோய் ஃபைப்ராயின் என்ற இழைப்புரதம் மிஞ்சும். பட்டு நெசவு ஊர்களில் பாவு ஏற்றுவதற்கு முன் பசை எடுப்பதும் இதுதான். அந்த இழையை லித்தியம் புரோமைடு கரைசலில் 60 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்தால் கரையும். பிறகு சவ்வுப் பையில் ஊற்றி, இரண்டு நாள் தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை வெளியேற்ற வேண்டும். கடைசியில் மங்கலான மஞ்சள் நிறத்தில் பட்டுத் தண்ணீர் கிடைக்கும். தட்டில் ஊற்றிக் காயவைத்தால் கண்ணாடி மாதிரி தெளிந்த படலம். அப்படியே விட்டால் தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும். மெத்தனாலிலோ நீராவியிலோ காட்டினால் புரதச் சங்கிலிகள் அடுக்கடுக்காகப் படிந்து இறுகி, பிறகு கரையாது.

அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கப்லான், ஃபியோரென்சோ ஒமெனெட்டோ இருவரும் இந்தப் படலத்தை வைத்துப் பெரிய உலகத்தையே திறந்துவிட்டார்கள். 2009-ல் கப்லான் குழுவினர், குளுக்கோஸ் ஆக்சிடேஸ் போன்ற நொதிகளைப் பட்டுப் படலத்துக்குள் வைத்து, 10 மாதங்கள் கழித்தும் அவை வேலை செய்வதைக் காட்டினார்கள். சர்க்கரை நோயாளிகள் விரலில் குத்திப் பார்க்கும் பட்டையில் இருப்பது இப்படிப்பட்ட நொதிதான். 2012-ல் பிரின்ஸ்டனும் டஃப்ட்ஸும் சேர்ந்து, பட்டுப் படலத்தின் மேல் கிராஃபீன் அச்சிட்டுப் பல்லில் ஒட்டினார்கள். பட்டு கரைந்துபோய் கிராஃபீன் மட்டும் பல்லோடு ஒட்டிக்கொண்டு, பாக்டீரியா வந்ததை ஒயர் இல்லாமல் சொன்னது. எங்கள் மேசையிலும் நொதி வைத்த படலங்களைக் குளிர்பெட்டிக்கு வெளியே, சாதாரண அலமாரியில் வைத்துச் சோதித்து வருகிறோம். பெங்களூர்க் கோடையிலும் அவை குளுக்கோஸுக்குப் பதில் சொல்கின்றன.

பட்டுப் படலத்தால் உணர்கொம்பின் இறைப்பை ஓடவைக்க முடியாது. ஆனால் ஏற்பிப் புரதங்களை வெளியே எடுத்தபின் அவை குலையாமல் பாதுகாக்க ஏதாவது வேண்டுமென்றால், அந்தப் புரதம் பிறந்த பூச்சியின் நூலிலேயே தேடுவதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் ஆய்வகத்தில் அந்த முயற்சி நடக்கிறது. பேசுகிற அளவுக்கு வந்த பிறகு அதைப் பற்றி எழுதுவேன்.

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, கோவை, ஈரோடு பக்கத்துக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தச் சோதனைக்கு வெளிநாட்டுக் கருவி கட்டாயமில்லை. உள்ளீட்டு மின்தடை மிக அதிகமுள்ள ஒரு ஆம்ப்ளிஃபையர் ஐசி, கொஞ்சம் வெள்ளிக் கம்பி, செம்பு வலை, மீன்தொட்டிப் பம்பு, ஒரு நுண்நோக்கி இருந்தால் போதும். பாம்பிகால் வாங்கப் பணம் இல்லையென்று கவலைப்படாதீர்கள். சுரப்பியை நீட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் அந்தைப் பெரிய ஊசிக்குழலில் வைத்துக் காற்றை மெல்லத் தள்ளினால் அதுவே பஃப். இன்னொரு பெண் அந்தின் உணர்கொம்பை வைத்து அதையே செய்து பாருங்கள். அதில் அந்த இறக்கம் வராது. ஏன் வராது என்ற கேள்வியிலிருந்து ஒரு வருடப் பாடம் நடத்தலாம். நுட்பத்தை அளந்து முடித்ததும் நிறுத்திவிடாமல், ஒரு மணிக்கொரு முறை அதே பஃப்பைக் கொடுத்து, எப்போது நின்றுபோகிறது என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.

வித்தகங்களில் வேலை முடிந்த ஆண்கள் கழிக்கப்படுகின்றன. அலுவலரிடம் முன்னதாகவே கடிதம் கொடுத்தால் இணை சேராத சிலவற்றையும் கேட்டுப் பார்க்கலாம். மூக்கை மூடத் துணி எடுத்துக்கொள்ளுங்கள், பனிக்கட்டிப் பெட்டி ஒன்றும் வேண்டும். விடிந்ததும் போய்விடுங்கள், வெயில் ஏறுவதற்குள் நல்ல ஆண்கள் எல்லாம் தட்டுக்குப் போய்விடும்.